போஸ்னான் 1985: ஐந்து தாள் ஆங்கிலம்

பியோத்தர் வோஸ்னியாக் 1985-இல் போலந்தின் போஸ்னான் நகரில் உயிரியல் மாணவர். ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி வைப்பார், உட்கார்ந்து படிப்பார், சில வாரத்தில் நழுவிவிடும். இது எல்லோருக்கும் நடப்பதுதான். எத்தனை சொல் போயிற்று, எத்தனை நாளில் போயிற்று என்று கணக்கு வைக்க ஆரம்பித்ததில்தான் அவர் மற்றவர்களிடமிருந்து விலகினார்.

அந்தக் கணக்கிலிருந்து பிறந்த, இடைவெளி விட்டுத் திருப்பிப் படிக்கும் முறை இன்று உலகம் முழுக்கக் கைப்பேசிகளில் ஓடுகிறது. மருத்துவ மாணவர்கள் இரவில் தட்டிக்கொண்டிருக்கிற ஆன்கி என்ற நினைவு அட்டைச் செயலியின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இந்த ஆய்வு வெற்றிக் கதை சொல்வதற்காக அல்ல. போலிஷ் பேசுகிற ஒருவர் அன்றாட ஆங்கிலத்தைப் பிடிப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு சொல்லை எப்போது திருப்பிப் படிப்பது என்பது ஒன்று. அட்டையின் எந்தப் பக்கம் எதை எழுதுவது என்பது மற்றது. வோஸ்னியாக் முதல் கேள்வியைத் தீர்த்தார். பிரிட்டனுக்கு வேலைக்குப் போன லட்சக்கணக்கான போலந்துக்காரர்கள் மாட்டிக்கொண்டது இரண்டாவதில் என்பதுதான் என் கட்சி.

பின்னணி

அன்றைய போலந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாய அந்நிய மொழி ரஷ்யன். ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும். ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு எல்லாம் மேல்நிலையில் இரண்டாவது மொழியாக வந்தால் உண்டு. 1981 டிசம்பரில் அறிவித்த ராணுவச் சட்டம் 1983 ஜூலையில்தான் விலகியது. பாஸ்போர்ட் வீட்டுப் பீரோவில் இருக்காது, காவல் துறையிடம் இருக்கும். வெளிநாடு போக வேண்டும் என்றால் கேட்டு வாங்க வேண்டும்.

ஆக, ஆங்கிலம் என்பது காதில் விழுகிற மொழியாக இல்லை. நூலகத்தில், ஆராய்ச்சிக் கட்டுரையில், ஸ்தனிஸ்வாவ்ஸ்கியின் தடித்த அகராதியில் இருக்கிற மொழி. கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் சில்லறை கேட்க வேண்டிய தேவை ஒரு போஸ்னான் மாணவருக்கு எந்த நாளிலும் வராது. அச்சில் ஒரு சொல்லைப் பார்த்தால் பொருள் தெரிந்தால் போதும். அவருடைய தாள்கள் ஏன் அப்படி அமைந்தன என்பதற்கு இதுதான் காரணம்.

சோதனை

1985 பிப்ரவரி 25 அன்று தொடங்கி ஆகஸ்ட் 24 வரை நடந்தது. கருவி என்று சொன்னால் பேனாவும் தாளும்தான். ஒரு தாளில் சுமார் நாற்பது ஜோடிகள்: இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் போலிஷ் சொல். வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு தன்னைத் தானே கேட்டுக்கொள்வது.

முதல் கட்டத்தில் ஐந்து தாள்கள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து மறுநாளே ஒரு தடவை திருப்பினார். அதன் பிறகு ஒரு தாளை 2 நாள் கழித்து, அடுத்ததை 4, பிறகு 6, 8, 10 நாள் கழித்து எடுத்துப் பார்த்தார். மறந்துபோன சொற்கள் நூற்றுக்கு முறையே 0, 0, 0, 1, 17. எட்டாம் நாள் நூற்றுக்கு ஒன்றுதான் போயிருக்கிறது. பத்தாம் நாள் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு காணோம். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக்கூடாது, ஆனால் இடைவெளி முடிந்த அளவு நீளமாக இருக்க வேண்டும் என்பது அவர் போட்டுக்கொண்ட விதி. அதனால் இரண்டாவது இடைவெளிக்கு 7 நாள் என்று வைத்தார்.

அடுத்த கட்டத்துக்குப் புதிதாக ஐந்து தாள்கள். 1 நாள், 7 நாள் என்று இரண்டு திருப்புதல் முடித்துவிட்டு, மூன்றாவதற்கு 6 முதல் 16 நாள் வரை பிரித்துப் பார்த்தார். 16 நாள் விட்ட தாளில்கூட நூற்றுக்கு ஒன்றுதான் மறந்திருந்தது. அதற்கடுத்த கட்டத்தில் 20, 24, 28, 33, 38 நாட்கள். மறந்தவை நூற்றுக்கு 0, 3, 5, 3, 0.

இந்தக் கடைசி வரிசையில் கொஞ்சம் நிற்க வேண்டும். 28 நாள் விட்ட தாளில் நூற்றுக்கு ஐந்து சொல் மறந்திருக்கிறது, 38 நாள் விட்ட தாளில் ஒன்றுகூட மறக்கவில்லை. நாள் கூடக் கூட மறதி கூடும் என்ற எளிய கோட்டில் இது உட்காரவில்லை. ஒரே ஆள், தாளுக்குத் தாள் வேறு சொற்கள், ஒப்பிட வேறு யாரும் இல்லை. கறாரான ஆய்வாளர் ஒருவர் இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று ஒதுக்கிவிடுவார். வோஸ்னியாக் ஒதுக்கவில்லை, 35 நாள் என்று எடுத்துக்கொண்டார். 1, 7, 16, 35, அதற்குப் பிறகு ஒவ்வொரு இடைவெளியும் முந்தையதைப் போல இரு மடங்கு. நல்ல அறிவியலைவிட நல்ல கைவேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எண்கள் துல்லியமாக இல்லாவிட்டாலும் திசை சரியாக இருந்தது.

சரியாக நூறு வருடத்துக்கு முன்னால், 1885-இல், ஹெர்மன் எபிங்ஹவுஸ் தன் நினைவாற்றல் ஆய்வை வெளியிட்டிருந்தார். அவரும் தன்னையே சோதித்தவர். ஆனால் அவர் மனப்பாடம் செய்தது பொருளே இல்லாத அசைகளை. பொருள் உள்ளே புகுந்தால் கணக்கு குழம்பிவிடும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார். வோஸ்னியாக் எடுத்துக்கொண்டதோ உண்மையான சொற்கள். பொருள் உள்ளே வந்துவிட்டது, அதோடு பொருளின் சிக்கலும் வந்துவிட்டது. சோதனையின் எண்களில் மட்டும் அந்தச் சிக்கல் தென்படவில்லை. ஏனென்றால் எது சரியான விடை என்பதை அதே தாளின் வலப்பக்கம்தான் தீர்மானித்தது.

தாளிலிருந்து கணினிக்கு

தாளில் ஒரு தொல்லை இருந்தது. நாற்பதில் நான்கு சொல் முரண்டு பிடித்தாலும் முழுத் தாளையும் திருப்ப வேண்டும். 1987 டிசம்பரில் அவர் எழுதிய முதல் சூப்பர்மெமோ நிரல் அதைச் சரிசெய்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் தனி நாட்காட்டி. பதில் சொன்னதும் 0 முதல் 5 வரை நாமே மதிப்பெண் போட வேண்டும். முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6 நாள், பிறகு முந்தையதை அந்தச் சொல்லின் எளிமை எண்ணால் பெருக்க வேண்டும். எல்லாச் சொல்லும் 2.5-இல் தொடங்கும், தடுமாறினால் எண் குறையும், ஆனால் 1.3-க்குக் கீழே இறங்காது.

இதை வைத்துக்கொண்டு ஒரு வருடத்தில் அவர் நாளுக்குச் சராசரி 41 நிமிடம் செலவழித்து 10,255 கேள்விகளை ஏற்றினார். அவற்றில் பத்துக்கு ஒன்பது நினைவில் நின்றன. 2006-இல் வந்த ஆன்கி இதே கணக்கை எடுத்துக்கொண்டு வளர்ந்தது. ‘எப்போது’ என்ற கேள்வி, நடைமுறை வேலைக்குப் போதுமான அளவு, 1987-இலேயே முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

எதிர்த் திசை

2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. பழைய உறுப்பு நாடுகளில் பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் மட்டும் அன்றே வேலைச் சந்தையைத் திறந்துவிட்டன. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகப் போலிஷைத் தங்கள் முதன்மை மொழி என்று சொன்னவர்கள் சுமார் 5,46,000 பேர். 2021-இல் சுமார் 6,12,000.

இவர்களில் பலர் பள்ளியில் ஆங்கிலம் படித்தவர்கள்தான். கிடங்கு, கட்டட வேலை, ஹோட்டல், பழத் தோட்டம் என்று போய் இறங்கியபோது திசை மாறிவிட்டது. போஸ்னான் தாளில் கேள்வி ஆங்கிலத்தில் இருந்தது, விடை போலிஷில். வேலை இடத்தில் மனதில் எழுவது போலிஷ், வாயில் வர வேண்டியது ஆங்கிலம். தாளைத் திருப்பி வைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. ஒரு திசையில் ஓடுகிற ஜோடி மறு திசையில் உடைந்துபோகும் இடங்கள் போலிஷுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே நிறைய இருக்கின்றன.

ஒரு மருந்துக் கடையை எடுத்துக்கொள்வோம். டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டுக்குப் போலிஷில் ‘ரெட்செப்டா’. ஆங்கில ‘ரிசீட்’டை அச்சில் மட்டும் பார்த்துப் பழகியவருக்கு அதில் இருக்கிற, உச்சரிப்பில் வராத ‘ப்’ கண்ணில் படும். ரெட்செப்டாவின் தம்பி போல இருக்கிறதே என்று சேர்த்துக்கொள்வார். அதனால் கடையில் போய் ‘டாக்டர் ரிசீட் கொடுத்திருக்கிறார்’ என்பார். கடைக்காரர் எதிர்பார்ப்பதோ ‘ப்ரிஸ்கிரிப்ஷன்’. அப்புறம் காசு கொடுத்ததும் பில் வேண்டுமே, அதற்குப் போலிஷில் ‘பாரகோன்’. அதையே ஆங்கிலம் என்று நினைத்துக் கேட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் ஆங்கிலத்தில் ‘பாரகன்’ என்பது குறையே இல்லாத முன்மாதிரி மனிதரைக் குறிக்கும். ஒரே கவுன்டரில், இரண்டு நிமிடத்துக்குள், மூன்று சொற்கள் இடம் மாறி நிற்கின்றன.

பார்க்க ஒன்றுபோல இருந்து பொருளில் ஏமாற்றுகிற இப்படிப்பட்ட போலி நண்பர்கள் எண்ணற்றவை. கிடங்குக்குப் போலிஷில் ‘மகஸின்’. ‘அக்துவால்னியெ’ என்றால் ‘தற்போது’, நாம் பேச்சுக்குப் பேச்சு போடுகிற ‘ஆக்சுவலி’ அல்ல. ‘எவென்டுவால்னியெ’ என்றால் ‘தேவைப்பட்டால், ஒருவேளை’. ஆங்கில ‘ஈவென்சுவலி’யோ ‘கடைசியில் கட்டாயம் நடந்தது’ என்கிற பக்கம் போகும். வேலைக்கு வருவாயா என்று கேட்ட மேலாளரிடம் ‘ஈவென்சுவலி சனிக்கிழமை வருவேன்’ என்று ஒருவர் சொன்னால், ‘முடிந்தால் வருகிறேன்’ என்பது அவர் கணக்கு. மேலாளர் சனிக்கிழமை ஆளை எதிர்பார்த்து நிற்பார். போதாக்குறைக்குப் போலிஷ் பேச்சில் ‘நோ’ என்றால் ‘ம், ஆமாம்’. தொலைபேசியில் ‘நோ, நோ’ என்று தலையாட்டுகிறவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இவையெல்லாம் சிரிப்பை வரவழைப்பதால் பாடப் புத்தகங்கள் இவற்றை விரும்பிச் சேர்க்கின்றன. என் கணிப்பில் இதைவிட ஆபத்தானவை சிரிப்பே வராத தவறுகள். ஒரு வகுப்பையோ பழக்கத்தையோ விடுவதற்குப் போலிஷில் ‘ஸ்ரெஸிக்னோவாச்’. அதனால் ‘காபியிலிருந்து ரிசைன் செய்துவிட்டேன்’ என்று ஆங்கிலத்தில் வந்துவிழும். கேட்பவருக்குப் புரிந்துவிடுவதால் யாரும் திருத்த மாட்டார்கள். ஆங்கிலேயர் அங்கே சொல்வது ‘கிவ் அப்’.

‘கிவ் அப்’, ‘கெட் ஆஃப்’, ‘புட் அப் வித்’ போன்ற கூட்டு வினைகளில் போலிஷ்காரருக்கு ஒரு சாதகம் இருக்கிறது, அதை ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. போலிஷ் வினைகள் முன்னொட்டுச் சேர்த்துத்தான் திசை காட்டும். ‘இஷ்ச்’ என்றால் போவது. ‘வெய்ஷ்ச்’ உள்ளே போவது, ‘விய்ஷ்ச்’ வெளியே போவது, ‘ஸெய்ஷ்ச்’ இறங்குவது. ஆங்கிலம் வினைக்குப் பின்னால் தொங்கவிடுகிற துண்டை இவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். திசை காட்டுகிற வினைகள் எளிதில் வந்துவிடும். திசை தேய்ந்து பொருள் மட்டும் மிஞ்சிய ‘கிவ் அப்’ வகையில்தான் லத்தீன் வேர்ச் சொல் ஒன்று முந்திக்கொண்டு வரும்.

உச்சரிப்பை நீட்டி எழுத இங்கே இடமில்லை. சொல் முடிவில் வரும் அதிர்வொலி போலிஷில் மங்கிவிடும். கைப்பைக்கும் முதுகுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்கள் ஒரே ஒலியாகிவிடும். தமிழ் எழுத்தில் இரண்டையும் ‘பேக்’ என்றே எழுதுகிற நாம் இதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

‘ப்ரோஷெ’வும் ‘சியர்ஸ்’உம்

போஸ்னானில் தாள்கள் நிரம்பிக்கொண்டிருந்த அதே 1985-இல், போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய மொழியியலாளர் அன்னா வியெஷ்பிட்ஸ்கா ஒரு கட்டுரை வெளியிட்டார். போலிஷிலும் ஆங்கிலத்திலும் கேட்பது, அழைப்பது, உபசரிப்பது எல்லாம் எப்படி வேறுபடுகின்றன என்பது அதன் பொருள். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்து செய்ததல்ல. ஆனால் தாள் விட்ட இடத்தைக் கட்டுரை சரியாகத் தொட்டது.

போலிஷில் விருந்தாளியை உபசரிக்கிறவர், ‘இன்னும் கொஞ்சம் ஹெர்ரிங் மீன் எடுத்துக்கோங்க, கட்டாயம்!’ என்று ஏவலிலேயே சொல்வார். அதில் அன்புதான் இருக்கிறது. இதே ஏவலை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் அதட்டல் போல ஆகிவிடும். ஆங்கிலேயர் அதைக் கேள்வியாக மாற்றித்தான் கேட்பார். மறுபக்கம், ‘ஜன்னலை ஏன் மூடக்கூடாது?’ என்று ஆங்கிலத்தில் நயமாகச் சொல்வதைப் போலிஷில் சொன்னால், ‘எத்தனை தடவை சொல்வது, ஏன் இன்னும் மூடவில்லை?’ என்று குத்தும். மரியாதையைப் போலிஷ் ‘பான்’, ‘பானி’ என்ற விளியிலும் வினை வடிவிலும் வைத்திருக்கிறது. நமக்கு ‘ங்க’ செய்கிற வேலை அது. ஆங்கிலத்தில் அந்த ‘ங்க’ இல்லை, ‘குட் யூ’, ‘வுட் யூ மைண்ட்’ என்று வாக்கியத்தின் தலையில் ஏற்ற வேண்டும். சொல் தெரிந்தும் முரடர் என்று பெயர் வாங்கிய எத்தனையோ போலந்துக்காரர்களின் பிரச்சினை இதுதான்.

இனி ஒரே ஓர் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘நா ஸ்த்ரோவ்யே’, ‘ஆரோக்கியத்துக்கு’. கோப்பையை உயர்த்தும்போதும் சொல்வார்கள், பக்கத்தில் ஒருவர் தும்மினாலும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் முதல் இடத்துக்கு ‘சியர்ஸ்’, இரண்டாவதற்கு ‘பிளெஸ் யூ’. அட்டையில் ‘நா ஸ்த்ரோவ்யே = சியர்ஸ்’ என்று மட்டும் எழுதியவர் தும்மினவரிடம் சியர்ஸ் சொல்வார். திருப்பிப் போட்டாலும் தப்ப முடியாது. பிரிட்டனில் கதவைப் பிடித்து நின்றதற்கு நன்றியாகவும் ‘சியர்ஸ்’ சொல்வார்கள், தொலைபேசியை வைக்கும்போதும் ‘சியர்ஸ்’ சொல்வார்கள். போலிஷில் இந்த இரண்டுக்கும் ஆரோக்கியத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ‘ப்ரோஷெ’ இன்னும் பெரிய சிக்கல்: ‘தயவுசெய்து’, ‘இந்தாங்க’, ‘பரவாயில்லை’, ‘உள்ளே வாங்க’, ‘என்ன சொன்னீங்க?’ எல்லாமே அந்த ஒரு சொல்தான். அதற்கு எதிரே ‘ப்ளீஸ்’ என்று எழுதிவைத்தவர், டீயை நீட்டும்போது ‘ப்ளீஸ்’ என்பார். வாங்குகிறவர் இவர் எதையோ கேட்கிறார் என்று நினைப்பார்.

அட்டையைத் திருத்துவது

இப்போது கணக்கையும் ஜோடியையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சங்கடம் புலப்படும். ஒருவர் ‘ஈவென்சுவலி = எவென்டுவால்னியெ’ என்று தவறாக எழுதிக்கொண்டார். அட்டை வரும்போதெல்லாம் தவறாமல் அதையே சொல்கிறார், தனக்கு 4 மதிப்பெண் போட்டுக்கொள்கிறார். 1987 கணக்குப்படி அந்த மதிப்பெண்ணுக்கு எளிமை எண் மாறாது, 2.5-இலேயே நிற்கும். இடைவெளிகள் 1, 6, 15, 38, 95 நாட்கள் என்று விரியும். ஐந்து மாதம் கழிந்தபின் அடுத்த சந்திப்பு கிட்டத்தட்ட எட்டு மாதம் தள்ளி. தடுமாறுகிற நல்ல சொல் அடிக்கடி வந்து தொல்லை கொடுக்கும். தடுமாறாத தவறான சொல் கண்ணிலேயே படாது. ஜோடி போலியாக இருக்கும்போது முறை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு உறுதியாகத் தவறு பதிகிறது. ரஷ்யன் மட்டும் கட்டாயமாக இருந்த நாட்டில், அச்சிட்ட ஆங்கிலத்தைப் படிப்பதற்காக உருவான கருவி அது. அங்கே தவறான ஜோடியை அடுத்த பக்கமே காட்டிக்கொடுத்துவிடும். பேச்சில் காட்டிக்கொடுப்பது எதிரே நிற்கிற மனிதரின் முகம் மட்டும்தான். பெரும்பாலும் அதுவும் மரியாதைக்காக மாறாது.

வோஸ்னியாக்குக்கு இது தெரியாமல் இல்லை. கேள்விகளை எப்படி வடிவமைப்பது என்று 1999-இல் அவர் இருபது விதிகளைத் தொகுத்தார். புரியாததைப் படிக்காதே என்பது அதில் முதல் விதி. ஒன்றோடொன்று குழம்புகிற கேள்விகளைப் பிரித்து வை என்பதும் உண்டு. செயலியை இறக்கிக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் விதிகளைப் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆயத்தமாகக் கிடைக்கும் ‘அடிக்கடி வரும் ஆயிரம் சொற்கள்’ தொகுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டால் அது பழைய போஸ்னான் தாள்தான், படம் மட்டும் வண்ணத்தில் இருக்கும்.

போலிஷ்காரருக்கு நான் பரிந்துரைப்பது, அட்டையின் முன்பக்கத்தில் போலிஷ் சொல்லை எழுதாமல் இடத்தை எழுதுவது. ‘பக்கத்தில் ஒருவர் தும்முகிறார்’ என்று போலிஷில் ஒரு வரி. பின்பக்கம் ‘பிளெஸ் யூ’. ‘டீயை ஒருவரிடம் நீட்டுகிறீர்கள்’. பின்பக்கம் ‘ஹியர் யூ ஆர்’. ‘கடையில் பில் கேட்கிறீர்கள்’ என்பதற்குப் பின்னால் தனிச் சொல்லாக ரிசீட்டை எழுதாமல், ‘குட் ஐ ஹாவ் எ ரிசீட், ப்ளீஸ்?’ என்று வாக்கியம் முழுதாக. போலிஷில் ‘எ’, ‘தி’ போன்ற ஆர்ட்டிகிள் கிடையாது என்பதால் தனிச் சொல்லாகப் படித்தால் அந்த ‘எ’ ஒட்டவே ஒட்டாது. வாக்கியமாகப் படித்தால் தானாக வந்துவிடும். ‘குட் யூ’ வகை மரியாதையும் அப்படியே. ‘சியர்ஸ்’க்கு மூன்று அட்டை, ‘ப்ரோஷெ’வுக்கு ஐந்து. எண்ணிக்கை கூடும், நாளுக்குச் சில நிமிடம் அதிகமாகும். போலி நண்பர்களுக்கு மட்டும் இரு பக்கமும் தனித்தனி அட்டை வேண்டும், அதுவும் ஒரே நாளில் சேர்ந்து வராதபடி பிரித்து. இடைவெளிக் கணக்கை எங்கேயும் தொட வேண்டியதில்லை. 1, 6, 15 அப்படியே ஓடட்டும்.